மேல் வீட்டில் எழுபத்து மூன்று தொட்டிகள்

நோலா பைபஸ் வீட்டில் நாற்காலி மூன்று. உட்காரக் கிடைத்தது ஒன்று. மற்ற இரண்டிலும் பார்ஸ்லிக் கீரைத் தொட்டிகள் உட்கார்ந்திருந்தன; யார் வந்தாலும் அவை எழுந்து இடம் கொடுத்ததில்லை.

தென்கோடித் தீவு நகரமான ஹோபார்ட்டின் வடக்கே, மூனாவில், ஆறு வீடுகள் கொண்ட பழைய செங்கல் கட்டடம் எங்களுடையது. நான் கீழே இரண்டாம் எண். நோலா எனக்கு நேர் மேலே, ஐந்தாம் எண். பால்கனி கிடையாது. கட்டடத்தைச் சுற்றிக் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரைதான். அந்த இரண்டு அறைக்குள், எழுபத்தொரு வயதில், தனி ஆளாக எழுபத்து மூன்று தொட்டிகள் வளர்த்தார். தொட்டி என்று கடையில் வாங்கியது பத்துகூடத் தேறாது. மற்றதெல்லாம் ஐஸ்கிரீம் டப்பா, கழுத்து வெட்டிய பால் கேன், காது உடைந்த கோப்பை. சமையலறை ஜன்னலில் புதினாவும் கொத்தமல்லியும், படுக்கையறை ஜன்னலில் தைமும் சேஜும். குளியல் தொட்டியில் எலுமிச்சை வாசனைச் செடிகள். குளிக்க வேண்டுமானால் முதலில் அவற்றைத் தூக்கிக் கழிப்பறை மூடிமேல் வைக்க வேண்டும்.

எங்களுக்குள் அறிமுகம் ஒரு சொட்டுத் தண்ணீரால் நடந்தது. நான் குடிவந்த இரண்டாவது மாதம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தயிர்ச்சாதத்தில் பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரையில் உள்ளங்கை அளவு கறை. சொல்ல வேண்டியதை இரண்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு மாடி ஏறினேன். கதவு பாதி திறந்தது. உயரமான, எலும்பும் தோலுமான பெண். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"வீட்டு ஏஜெண்டுகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லப் போறியா?"

"இல்லங்க. கூரையில கறை எப்படி வந்துச்சுன்னு என்னைத்தான் கேப்பாங்க. எனக்கே பயமாத்தான் இருக்கு."

அவர் முகம் தளர்ந்தது. "அப்ப சரி. மேல ஒரு பயந்தாங்கொள்ளி, கீழ ஒரு பயந்தாங்கொள்ளி. உள்ள வா, கண்ணு."

அன்றிலிருந்து ஆறு வருஷம், வெள்ளிக்கிழமைதோறும் என் கதவுப் பிடியில் ஒரு கட்டுப் புதினா தொங்கியது. கறையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

செடியை வீட்டுக்குள் வளர்க்கும் பழக்கம் அவருக்குக் குயின்ஸ்டவுனில் வந்தது. மேற்குக் கரையில் செம்புச் சுரங்க ஊர். அங்கே உருக்காலைப் புகை மலைமேல் ஒரு புல்லையும் விட்டுவைக்கவில்லை. வெளியே ஒரு செடியை வைத்தால் மூன்று நாளில் இலை கருகிவிடும். நோலாவின் அம்மா சமையலறைக் கண்ணாடிக்கு உள்பக்கம், ஜாம் டின்னில் பார்ஸ்லி வளர்த்தார். ஜன்னலைத் திறக்கக் கூடாது. திறந்தால் புகை வரும், செடி சாகும். அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருந்த அப்பாவுக்கும் அது ஆகாது. சுரங்கம் அவருடைய நுரையீரலை ஏற்கெனவே பாதி தின்றிருந்தது. நோலாவுக்குப் பதினான்கு வயதானபோது மீதியையும் தின்றது.

"அந்த இருமல் சத்தம் எப்ப நிக்கும்னு நாங்க அஞ்சு பேரும் காத்துக்கிட்டிருந்தோம்" என்று ஒருமுறை சொன்னார். "நின்னப்போ யாரும் பேசல. அம்மா எழுந்துபோய்ப் பார்ஸ்லிக்குத் தண்ணி ஊத்தினா."

மூடிய ஜன்னல் என்றால் பத்திரம். அது அவருக்குள் அப்படியே இறங்கிவிட்டது. அந்தப் புகை நின்று ஐம்பது வருஷம் ஆகியும், ஹோபார்ட்டின் சுத்தமான காற்றிலும், நோலா வீட்டு ஜன்னல் எதுவும் திறந்திருந்து நான் பார்த்ததில்லை.

பிழைப்புக்கு இங்கே வந்தவர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். நோயாளிகளை அவர் பார்த்ததே இல்லை, போர்வைகளைத்தான் பார்த்தார். "எந்த வார்டுல இருந்து வருதுன்னு மடிப்பைப் பாத்தே சொல்லுவேன். நடந்து உள்ள போன மனுஷன் போர்வையாத்தான் என் கைக்கு வருவான்." அதனால் ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு நடுக்கம். தலைவலி மாத்திரைக்குக்கூட டாக்டரிடம் போக மாட்டார்.

அதைவிடப் பெரிய நடுக்கம் வீட்டு ஏஜெண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்ஷன். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அறை அறையாகப் படம் எடுத்துக்கொண்டு போவாள். இரண்டு வருஷம் முன்பு நோலாவுக்குக் கடிதம் வந்தது. ஈரத்தால் சுவர் பூஞ்சை பிடிக்கிறது, ஆறு தொட்டிக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அந்த வருஷம் வாடகைக்கு வீடு கிடைக்காதவர்கள் கண்காட்சித் திடலில் கூடாரம் போட்டிருந்தார்கள். நோலா பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டார்.

காப்பாற்றியது அதே மாடியில் எதிர் வீட்டு கிளாரி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, வீடு சொந்தம். அவர் வீட்டுக்கு எந்த ஏஜெண்டும் வர முடியாது. இன்ஸ்பெக்ஷன் அன்று காலை எட்டு மணிக்கு நாங்கள் மூவரும் அறுபத்தேழு தொட்டிகளை நடைபாதையைத் தாண்டிக் கிளாரி வீட்டுக்குள் கொண்டுபோவோம். மத்தியானம் திரும்பக் கொண்டுவருவோம்.

"காடு இடம் மாறுது, வழி விடுங்க!" என்று கிளாரி பஸ் கண்டக்டர் மாதிரி குரல் கொடுப்பார்.

"வாயை மூடு கிளாரி. இல்லன்னா இந்த வருஷம் உனக்குத் தக்காளி கிடையாது."

அதுதான் கிளாரிக்குக் கூலி. எங்கள் ஊரில் தக்காளியை ஷோ டேக்கு முன்னால் யாரும் நிலத்தில் வைப்பதில்லை. அக்டோபர் கடைசியில் வரும் அந்தக் கண்காட்சி விடுமுறை வரை ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையில் பனி விழலாம், ஒரே ராத்திரியில் நாற்று கருகலாம். ஆகவே நாற்றுகள் ஆகஸ்டிலிருந்து வீட்டுக்குள்தான் வளர வேண்டும். எங்கள் தெருவில் நிலம் உள்ளவர்கள் பாதிப்பேர் நோலாவின் நாற்றுக்குக் காத்திருந்தார்கள். நிலமே இல்லாத பெண் தெருவுக்கே தக்காளி கொடுத்துக்கொண்டிருந்தார்.

குளிர் இன்னும் விடாத அந்தச் செப்டம்பரில் மண் வாங்கினார். கடையில் விற்கும் தொட்டி மண், இருபத்தைந்து லிட்டர் பை. கிளாரிதான் மாடிக்குத் தூக்கி வந்தார். நோலாவுக்கு ஒரு வழக்கம்: பையை உடனே பிரிக்க மாட்டார். சுவர் ஹீட்டருக்குக் கீழே ஒரு வாரம் வைத்துச் சூடேற்றுவார். "ஜில்லுனு இருக்கற மண்ணுல பிஞ்சு வேரை வெச்சா நடுங்கிடும் கண்ணு. பச்சைக் குழந்தையைப் பனியில போடுவியா?"

ஞாயிற்றுக்கிழமை பை பிரிக்க என்னைக் கூப்பிட்டார். மலை உச்சி வெள்ளையாக இருந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் பையைத் திருப்பிப் படித்தேன். எதிலும் எழுதியிருப்பதை முழுக்கப் படிப்பேன், மாத்திரை அட்டையாக இருந்தாலும் பால் கவராக இருந்தாலும். பின்பக்கம் சிவப்புக் கட்டத்துக்குள் அச்சாகியிருந்தது: காற்றோட்டமான இடத்தில் திறக்கவும், முகக்கவசம் அணியவும், தூசியைச் சுவாசிக்க வேண்டாம், இதில் உள்ள கிருமிகளால் உயிருக்கு ஆபத்தான நுரையீரல் நோய் வரலாம்.

"நோலா, இதைக் கொஞ்சம் பாருங்க. ஜன்னலைத் திறந்துட்டு—"

"நாப்பது வருஷமாப் பிரிக்கறேன்."

"நுரையீரல்னு போட்டிருக்கு."

"உன்னை மாதிரி பயந்தா நான் மூச்சே விட முடியாது."

கத்தரியால் ஒரே கிழி. பையின் வாயை இரண்டு கையாலும் விரித்து, முகத்தை உள்ளே விட்டு, ஆழமாக மூச்சை இழுத்தார். மண் நல்ல மண்ணா என்று அவர் பார்ப்பது அப்படித்தான். வெதுவெதுப்பான மண்ணிலிருந்து மெல்லிய தூசி கிளம்பியது. ஹீட்டர் காற்றில் அது அறை முழுக்கச் சுற்றுவது ஜன்னல் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், மூச்சைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டேன். நான்கு எட்டு வைத்தால் ஜன்னலைத் திறந்திருக்கலாம். வைக்கவில்லை. "அடுப்புல சாதம் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். அவர் சிரித்தது காதில் விழுந்தது.

அடுத்த ஞாயிறு வரை ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை மேலே இருமல் கேட்டது.

அவர் காலடிச் சத்தம் எனக்கு மனப்பாடம். காலை ஆறரைக்குச் சமையலறை ஜன்னல், பிறகு படுக்கையறை, பிறகு குளியலறை, தண்ணீர்ச் செம்பை வைக்கும் 'டொக்'. செவ்வாயன்று ஜன்னல் வரைக்கும் நடந்து நின்றுவிட்டது. மேலே போனேன். "ஃப்ளூ. கிட்ட வராதே" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார். வரவில்லை. அதற்கும் நான் உடனே கீழ்ப்படிந்தேன்.

புதனன்று காலடியே இல்லை. இருமல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அந்த அமைதியில்தான் எனக்குக் குயின்ஸ்டவுன் நினைவு வந்தது. அவர் சொன்ன நாற்காலி, அவர் அப்பா, சத்தம் நிற்கக் காத்திருந்த ஐந்து பேர். சாவி கிளாரியிடம் இருந்தது. இரண்டு பேரும் திறந்துகொண்டு போனோம்.

கோட்டு, கம்பளித் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு, உட்காரக்கூடிய அந்த ஒரே நாற்காலியில் நோலா நடுங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம். கிளாரியைப் பார்த்து, "ஜன்னலைச் சாத்துங்கம்மா, அப்பாவுக்கு ஆகாது" என்றார். கிளாரி ஒரு கேலியும் செய்யவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டார்.

வண்டி வருவதற்குள் நோலாவுக்குக் கொஞ்சம் தெளிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தார். அனலாக இருந்தது.

"தொட்டியைப் பத்தி அங்க யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"நோலா, இப்போ அது முக்கியமா?"

"எனக்குத் தெரியும். அங்க வேலை பாத்தவ நான். தனியா இருக்கற கிழவின்னா வீட்டைப் பாக்க ஆள் அனுப்புவாங்க. இதைப் பாத்தா மூளை குழம்பிடுச்சுன்னு எழுதுவாங்க. அப்புறம் முதியோர் இல்லம், இல்லன்னா அந்தக் கூடாரம். சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹேன்லன் என்ற இளம்பெண் கட்டிலருகே நின்று வரிசையாகக் கேட்டார்.

"சமீபத்துல எங்கயாவது பயணம் போனீங்களா?"

"மூனா கடைத்தெரு வரைக்கும்."

"வீட்டுல பறவை, பிராணி?"

"எதிர் வீட்டுல கிளாரின்னு ஒண்ணு இருக்கு. அது சேருமா?"

டாக்டர் சிரித்தார். "தோட்ட வேலை? மண்ணு, உரம், அப்படி ஏதாவது கையாண்டீங்களா?"

நோலாவின் கண் என்மேல் வந்து நின்றது. பார்வையை எடுக்காமலே பதில் சொன்னார். "மாடியில இருக்கேன் டாக்டர். ஒரு புல்லு கிடையாது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்து வீடா?"

"கீழ் வீடு."

கேட்டது அவ்வளவுதான். நானும் அவ்வளவுதான் சொன்னேன். நுரையீரலைத் தாக்கும் கிருமி ஏதும் உண்டா என்று சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை என்று மாலையில் வந்தது. நிமோனியா, வழக்கமான மருந்தே போதும் என்று டிரிப்ஸ் ஏற்றினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பரிசோதனையே இல்லை என்கிறதே, அப்படியானால் மண் இல்லை. நான் ஓடிப்போனதும் குற்றமில்லை.

வியாழன் மத்தியானம் நிம்மதி போய்விட்டது. முகம் முழுக்க மூடும் ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு எழும்பி அடங்கியது. மருந்து கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, சொந்தக்காரர் யாரும் இருந்தால் தகவல் சொல்வது நல்லது என்றார். சாயங்காலத்துக்குள் தேறாவிட்டால் தொண்டையில் குழாய் போட வேண்டியிருக்கும்.

சொந்தக்காரர் என்று யாரைச் சொல்வது? வீட்டுக்கு வந்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளாரி நோலா வீட்டில் இருந்தார். தக்காளி நாற்றுகள் ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றன. ஹீட்டருக்குக் கீழே அந்தப் பை. வாயைச் சுருட்டித் துணிக் கிளிப் போட்டிருந்தார் நோலா, எவ்வளவு ஒழுங்காக.

"கிளாரி, வெளிய வாங்க. அந்த அறையில நிக்காதீங்க."

"ஏன், பேய் பிடிச்சிருக்கா?"

நடைபாதையில் நின்று எல்லாம் சொன்னேன். சிவப்புக் கட்டம், தூசி, டாக்டரின் கேள்வி, நோலாவின் பதில், என் சத்தியம். கிளாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த மூட்டையைத் தூக்கிட்டு வந்தவன் நான்" என்றார்.

"சொன்னா வீடு போயிடும்னு பயப்படறாங்க."

"போகும். போகாமலும் இருக்கலாம்."

"பேசவே மாட்டாங்க அப்புறம் என்கூட."

"பேச மாட்டா. என்னையும் உயிரோட விடமாட்டா." தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "விடாம இருக்க அவ உயிரோட இருக்கட்டும் முதல்ல. நீ போறியா, நான் போகட்டா?"

துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவும் கையுறை மாட்டிக்கொண்டு, நோலா வீட்டுச் சமையலறை ஜன்னலை முதலில் திறந்தேன். வர்ணம் ஒட்டிப்போய்க் கிடந்தது. தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பையிலிருந்து வெட்டி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, யார் மேலும் படாமல், மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டு போனேன். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாம் என்றிருந்தது.

டாக்டர் ஹேன்லனை வார்டு வாசலில் பிடித்தேன். ஒத்திகை பார்த்த வார்த்தை எதுவும் வரவில்லை.

"அவங்க வீட்டுக்குள்ள எழுபத்து மூணு தொட்டி இருக்கு" என்றேன்.

அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். "எப்ப பிரிச்சாங்க?"

"போன ஞாயித்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை."

"மூடின அறையிலயா?"

"ஹீட்டர் பக்கத்துல. ஒரு வாரம் சூடேத்தி. மூக்கை உள்ள விட்டு மோந்து பாத்தாங்க."

டாக்டர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். "நாங்க எடுத்த டெஸ்ட் இந்த மண்ணுல வர்ற கிருமி வகையைக் காட்டாது. வேற சளிப் பரிசோதனை இருக்கு, மருந்தும் வேற." நர்ஸை நோக்கி நடந்துகொண்டே, "இது புதன்கிழமையே தெரிஞ்சிருந்தா..." என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் இன்னும் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடிக் கதவு வழியாக நோலா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கையில் இருந்த உறை, அதில் இருந்த சிவப்பு. மாஸ்க்குக்கு மேல் தெரிந்த கண் இரண்டும் என்னை விட்டு நகரவில்லை. பிறகு மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மூச்சுத் திணறலிலும் திரும்பிக்கொண்டார்.

புது மருந்தை ஏற்றினார்கள். அன்று சாயங்காலம் குழாய் போடவில்லை, மறுநாள் காலை வரை பார்ப்போம் என்றார்கள். மறுநாள், மாலை வரை என்றார்கள். இரண்டு நாளும் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே வர நோலா அனுமதிக்கவில்லை. சலவைக்கூடத்து வண்டி அழுக்குப் போர்வைகளோடு என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பகல், காய்ச்சல் இறங்கியது. நர்ஸ் வெளியே வந்து, "டீ கேக்கறாங்க. நாங்க போட்டது வாயில வைக்க முடியலையாம்" என்றார். நான் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சளிப் பரிசோதனையில் அந்தக் கிருமிதான் என்று உறுதியானது. அப்படி வந்தால் சுகாதாரத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். முகக்கவசத்தோடு இரண்டு பேர் மண் எடுக்க வந்தார்கள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். அவர்கள் தொட்டிகளைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏஜெண்டுக்குச் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். "எங்களுக்கு மண்ணு மட்டும்தாங்க வேணும்" என்றார் ஒருவர். நம்பவில்லை.

நோலா பயந்தது போலவே, வீட்டுக்கு அனுப்பும் முன் வீட்டைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வரப்போவதாகச் சொன்னார்கள். முந்தின நாள் நானும் கிளாரியும் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, அறுபத்தேழு தொட்டிகளைக் கிளாரி வீட்டுக்கு மாற்றினோம். "காடு இடம் மாறுது" என்று கிளாரி சொல்லவில்லை. வந்த பெண் குளியல் தொட்டியின் உயரத்தை அளந்தாள், படிகளை எண்ணினாள், ஆறு தொட்டிகளைப் பார்த்து, "அழகா இருக்கு, ஆனா மண்ணைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க" என்று எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான்.

மொத்தம் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நோலா வந்தார். பாதிப் படியில் ஒருமுறை, கதவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். உள்ளே பார்த்தார். மூன்று நாற்காலியும் காலி.

"யாரு செத்துப் போனாங்க இந்த வீட்டுல?" என்றார், கிளாரியிடம். என்னைப் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கதவுப் பிடியில் புதினா இல்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. ஷோ டே வந்து போனது. தெருவுக்கான நாற்றுகளைக் கிளாரிதான் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் தண்ணீர் அதிகம் ஊற்றிக் கொன்ற பதினாறு போக மீதி. நான் கீழே உட்கார்ந்து கூரையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காலடி மெதுவாக, நின்று நின்று வரும். இருமல் வந்தால் எண்ணுவேன். மூன்றுக்கு மேல் போனால் எழுந்து செருப்பு மாட்டுவேன். நின்றாலும் பயம், தொடர்ந்தாலும் பயம். நுரையீரல் பழையபடி ஆக ஒரு வருஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் கிளாரியிடம் சொல்லியிருந்தார்.

நவம்பர் முதல் வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பழுப்பு.

தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடி ஏறினேன். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. கோட்டு, கம்பளித் தொப்பி, மூக்குக்கு மேல் வரை முகக்கவசம். அவருக்குப் பின்னாலிருந்து ஜில்லென்று காற்று வந்தது.

"என்ன?"

"சொட்டு விழுந்துச்சு."

"தண்ணி ஊத்தினா விழும்."

சங்கிலிக்கு மேலே அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சத்தியத்தை மீறினவ நீ."

"ஆமா."

"எங்கம்மா இருந்தா உன்னை வாசல்லயே நிக்க வெச்சிருப்பா."

"வாசல்லதான் நிக்கறேன், நோலா."

இருமினார். ஒன்று. இரண்டு.

"எண்ணாத. நீ எண்ணுறது மேல வரைக்கும் கேக்குது." கவசத்தைச் சரி செய்துகொண்டார். "ரெண்டு ஜன்னலும் திறந்திருக்கு. மலைக் குளிரு எலும்புக்குள்ள போகுது. இப்போ சந்தோஷமா?"

கதவு மூடிக்கொண்டது. படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். சங்கிலி கழலும் சத்தம் கேட்டது.

"ஏய். அந்த நாற்காலி காலியாக் கிடக்கறதைப் பாக்க முடியல. கிளாரிக்கு முதுகு பிடிச்சிருக்கு, என்னால தூக்க முடியாது. பார்ஸ்லி ரெண்டையும் எடுத்துட்டு வா. மூக்கைக் கட்டிக்கிட்டு வா, கண்ணு."

கிளாரி வீட்டுக்குப் போய், துணியைக் கட்டிக்கொண்டு, முதல் தொட்டியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துத் தூக்கினேன். அப்படியும் ஈர மண் முகத்துக்கு மிக அருகில் இருப்பதாகப் பட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு நடைபாதையைத் தாண்டி, நோலா காட்டிய நாற்காலியில் வைத்தேன். அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.